சக்கையும் நம்முடையது! பாகும் நம்முடையது! அலங்காநல்லூர் ஆலையைத் திற! எத்தனாலில் பங்கு கொடு!



பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி நூறு ரூபாய்க்குப் போடச் சொல்கிறோம். டேங்கில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலே இல்லை. அது எத்தனால். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் அரிசியிலும் இருந்து வடித்த சரக்கு. 2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு என்று ஆரம்பித்தார்கள். அந்த ஒன்பதில் நம் தமிழ்நாடும் ஒன்று. 2022 ஜூனில் 10 சதவீதம் ஆனது. 2030ல் எட்டுவோம் என்று சொன்ன 20 சதவீதத்தை 2025லேயே எட்டிவிட்டோம் என்று டெல்லியில் மார்தட்டிக்கொண்டார்கள்.

நல்லது. மார்தட்டட்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. விவசாயி விளைவித்ததுதான் பெட்ரோலாக ஓடுகிறது என்றால், அந்தக் காசு விவசாயி வீட்டுக்கு வந்ததா? நம் அலங்காநல்லூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஏன் 2019ல் இருந்து அரவை இல்லாமல் பூட்டிக் கிடந்தது? நாடு முழுக்கக் கரும்புக்குப் புதுக் கிராக்கி வந்த அதே வருஷங்களில் நம் ஆலைப் புகைபோக்கி மட்டும் ஏன் புகையவில்லை?

கோச்சடைக்காரனுக்குக் கரும்பு எதற்கு?

சிலர் கேட்கிறார்கள். "கோச்சடையே டவுன் ஆகிப்போச்சே, உங்களுக்கு ஏண்ணே கரும்புச் சங்கதி?" என்று. நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் வயல் எப்படி பிளாட் ஆனது என்று எங்களுக்குத் தெரியும். முதலில் வாய்க்கால் தூர்ந்தது. அப்புறம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. அப்புறம் விளைந்ததுக்கு விலை இல்லை. கடைசியில் கல் ஊன்றிக் கலர் பெயிண்ட் அடித்தார்கள். எவனும் ஆசைப்பட்டு வயலை விற்கவில்லை. கட்டுப்படியாகாமல் விற்றான்.

மிச்சம் இருக்கிற நாங்கள் துவரிமான், கீழமாத்தூர், கொடிமங்கலம், மேலக்கால் பக்கம் சொந்தமாகவும் குத்தகைக்கும் பயிர் செய்கிறோம். மேலக்கால் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கட்டும். வருஷா வருஷம் கல் மேற்கே நகர்ந்துகொண்டே போகிறது. கோச்சடைக்கு நடந்தது நாளைக்குச் சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் நடக்கும். அதனால்தான் பேசுகிறோம். பட்டவன் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு டன் கரும்புக்குள் என்ன இருக்கிறது?

ஆலைக்காரர்கள் நம்மிடம் சர்க்கரையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். ரெக்கவரி இத்தனை சதவீதம், அதனால் விலை இத்தனை ரூபாய் என்பார்கள். எடை மேடையைத் தாண்டிப் போன கரும்பு உள்ளே என்னவெல்லாம் ஆகிறது என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் நம் பக்கத்தில் ஏறக்குறைய 90 கிலோ சர்க்கரை வரும். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு, அதாவது மொலாசஸ், 40 முதல் 45 கிலோ வரை நிற்கும். அதை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால் சுமார் 10 லிட்டர் எத்தனால். வடித்ததில் ஒட்டியிருக்கிற கடைசித் தண்ணீரையும் பிரித்து எடுத்தால்தான் பெட்ரோலில் கலக்க முடியும். சர்க்கரையே எடுக்காமல் சாற்றை நேராக வடித்தால் டன்னுக்கு 70 லிட்டர் வரை வரும்.

அடுத்தது சக்கை. டன்னுக்கு ஏறக்குறைய 300 கிலோ. ஆலைக்கு அதுதான் விறகு. கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றிக் கரண்ட் கொடுக்கிறது. டர்பைனை விட்டு வெளியே வந்த அதே ஆவி சாற்றைக் காய்ச்சுகிறது, எத்தனாலை வடிக்கிறது. ஒரே சூட்டில் இரண்டு மூன்று வேலை. இதற்குத்தான் கோ-ஜெனரேஷன் என்று பெயர். நல்ல உயர் அழுத்தக் கொதிகலன் இருந்தால் ஆலைத் தேவை போக டன்னுக்கு 70 முதல் 100 யூனிட் கரண்ட்டை வெளியே விற்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். மக்காச்சோளத்திலோ அரிசியிலோ எத்தனால் வடிக்கிறவன் அடுப்புக்கு நிலக்கரியோ உமியோ வெளியே இருந்து வாங்க வேண்டும். கரும்பு மட்டும்தான் தன் சாற்றைக் காய்ச்சத் தானே விறகையும் கொண்டுவருகிறது. அந்த விறகுக்கு நமக்குத் தனியாக ஒரு பைசா கொடுக்கிறார்களா?

கணக்கைப் பாருங்கள்

2024-25 பருவத்தில் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் ரெக்கவரி உள்ள கரும்புக்கு மத்திய அரசு விலை டன்னுக்கு 3,151 ரூபாய். மாநில அரசு ஊக்கத்தொகை 349 ரூபாய் சேர்த்து 3,500. அந்த 349 நம் வரிப்பணத்தில் இருந்து வந்தது. ஆலை தன் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தது 3,151தான்.

இப்போது ஆலைப் பக்கம். சர்க்கரை கிலோ 38 ரூபாய் என்று வைப்போம். 90 கிலோவுக்கு 3,420 ரூபாய். மொலாசஸ் எத்தனாலுக்கு 2025 ஜனவரியில் மத்திய அரசு வைத்த விலை லிட்டர் 57 ரூபாய் 97 காசு. 10 லிட்டருக்கு 580 ரூபாய். கரண்ட் 70 யூனிட், யூனிட் 4 ரூபாய் என்று குறைத்தே போட்டால் 280 ரூபாய். மொத்தம் 4,280 ரூபாய். பிரஸ்மட், சாம்பல் எல்லாம் இதில் சேரவில்லை.

சர்க்கரை மட்டும் போடுகிற ஆலைக்கு நம் விலை போக நிற்பது 269 ரூபாய், மொலாசஸை அப்படியே விற்றால் இன்னும் கொஞ்சம். அதில் சம்பளம், சுண்ணாம்பு, கந்தகம், ரிப்பேர், வட்டி எல்லாம் பார்க்க வேண்டும். முடியாது. நஷ்டம்தான். எத்தனாலும் கரண்ட்டும் சேர்ந்து எடுக்கிற ஆலைக்கு நிற்பது 1,129 ரூபாய். அந்த ஆலைக்கும் செலவு உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் பிழைக்க முடிகிற ஆலை எது, முடியாத ஆலை எது என்று இதிலேயே தெரிகிறது.

இந்தக் கணக்கில் தப்பு இருந்தால் அதிகாரிகள் முத்தரப்புக் கூட்டத்தில் நேருக்கு நேர் சொல்லட்டும். திருத்திக்கொள்கிறோம். கணக்கையே காட்டாமல் "ஆலை நஷ்டம், விவசாயி கரும்பு தரவில்லை" என்று நம் தலையில் பழியைப் போடுவதைத்தான் ஏற்க மாட்டோம்.

கூட்டுறவு ஆலைகளில் சக்கையில் இருந்து கரண்ட் எடுக்க மின்வாரியத்தோடு சேர்ந்து 12 கூட்டுறவு, பொதுத்துறை ஆலைகளில் 183 மெகாவாட் என்று திட்டம் போட்டே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அலங்காநல்லூரிலும் வேலை நடந்தது. இரும்பு வந்தது, சிமெண்ட் வந்தது. கரண்ட் வந்ததா? கோ-ஜெனரேஷன் காப்பாற்றியிருக்க வேண்டிய ஆலை, அது முடிவதற்குள் படுத்துவிட்டது. கழனிக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் வாங்கிவிட்டு, கரண்ட் கனெக்‌ஷன் வருவதற்குள் பயிர் காய்ந்த கதை இது.

பங்கு கேட்பது பிச்சை இல்லை

இது புதுக் கோரிக்கை இல்லை. 1966ஆம் வருஷக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் பார்கவா கமிஷன் சொன்னபடி 1974ல் 5-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையின் கூடுதல் வருமானத்தில் விவசாயிக்குப் பாதி என்பது அதன் சாரம். பல ஆலைகள் அதை மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் சட்டத்தில் இருந்தது, கேட்க முடிந்தது. 2009ல் எப்.ஆர்.பி. என்று புது விலை முறையைக் கொண்டுவந்தபோது அந்தப் பிரிவையே தூக்கிவிட்டார்கள். எத்தனாலில் காசு கொட்டப்போகிற காலம் பார்த்துப் பங்கு கேட்கிற வாசலை அடைத்தார்கள்.

தமிழ்நாட்டில் 2017-18 பருவத்தில் மாநில அரசின் பரிந்துரை விலையும் போனது. வருவாய்ப் பங்கீட்டு முறை வந்தது. பெயரைக் கேட்டால் இனிப்பாக இருக்கும். ரங்கராஜன் கமிட்டி 2012ல் சொன்ன சூத்திரம் அது. சர்க்கரை, சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் இவற்றின் வருமானத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு என்றது. இதில்தான் ஓட்டை. மொலாசஸ் வரைக்கும்தான் பங்கு. அதே மொலாசஸ் ஆலையின் அடுத்த கட்டடத்துக்குப் போய் எத்தனாலாக மாறினால் பங்கு கிடையாது. சக்கையில் பங்கு, சக்கை கரண்ட் ஆனால் பங்கு இல்லை. பாலில் பங்கு உண்டு, நெய்யில் பங்கு இல்லை என்றால் எந்த மாட்டுக்காரன் ஒத்துக்கொள்வான்?

இப்படிப் பங்கிடவே முடியாது என்று சொல்கிறவர்கள் பிரேசிலைப் பார்க்கட்டும். 1975ல் இருந்து கரும்பில் வண்டி ஓட்டுகிற தேசம் அது. அங்கே சாவ் பாலோ மாநிலத்தில் கன்செகானா என்று ஓர் அமைப்பு. விவசாயிகளும் ஆலைக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சர்க்கரை விலை, எத்தனால் விலை இரண்டையும் வைத்துக் கரும்பு விலைக்குக் கணக்கு போடுகிறார்கள். 1999ல் இருந்து நடக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

2021 தேர்தலில் டன்னுக்கு 4,000 ரூபாய் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். 2023ல் மாநில அரசே எத்தனால் கொள்கை ஒன்றை வெளியிட்டது. முடங்கிய சர்க்கரை ஆலைகளுக்கு உயிர் கொடுப்பதும் அதன் நோக்கம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் அலங்காநல்லூர் ஆலை வாசலில் விவசாயிகள் பந்தல் போட்டு நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கொள்கை காகிதத்தில். விவசாயி ரோட்டில்.

டெல்லியின் தலைகீழ் ஆட்டம்

மத்திய அரசின் லட்சணத்தையும் பார்ப்போம். 2023 டிசம்பர் 7ஆம் தேதி ஒரே உத்தரவில் கரும்புச் சாற்றில் இருந்து எத்தனால் எடுக்கக்கூடாது என்றார்கள். ஒரு வாரத்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2024 ஆகஸ்டில் தடையை எடுத்தார்கள். கரும்பு பன்னிரண்டு மாசப் பயிர். ஒரு தரம் நட்டால் கட்டைக் கரும்போடு சேர்த்து மூன்று வருஷத்துக்கு வயல் அதுக்குத்தான். எட்டு மாசத்துக்கு ஒரு உத்தரவு போட்டால் விவசாயி எதை நம்பிக் கரணை ஊன்றுவான்?

அரிசிக் கதை இன்னும் மோசம். 2025 ஜனவரியில் உணவுக் கழக அரிசியை எத்தனால் கம்பெனிகளுக்குக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் நம் நெல்லுக்கு ஆதார விலையே குவிண்டால் 2,300. நெல்லை விட அரிசி மலிவு! அரைத்து, உமி நீக்கி, குடோனில் வைத்துக் காத்த அரிசி, களத்து நெல்லை விடக் குறைந்த விலைக்குக் கம்பெனிக்குப் போகிறது. கம்பெனி அடுப்புக்கு மானியம் கொடுக்கிற அரசு, கூட்டுறவு ஆலைக்குக் கொதிகலன் மாட்ட மட்டும் காசில்லை என்கிறது.

வைக்கோலில் இருந்து எத்தனால் என்கிறார்கள். அரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் அப்படி ஓர் ஆலையைத் திறந்தது. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். வடக்கே வைக்கோலை வயலில் எரிக்கிறார்கள், அங்கே அது சரி. நம் ஊரில் வைக்கோல் மாட்டுத் தீவனம். வாடிவாசலுக்கு வளர்க்கிற காளைக்கு நாம் எதைப் போடுவது? நம் பக்கத்தில் மிச்சமாகக் கிடப்பது கரும்புச் சக்கையும் தோகையும்தான். அதை வைத்து யோசியுங்கள் என்கிறோம்.

நமக்குள்ளும் பேசவேண்டியது உண்டு

நம் ஆட்களிலேயே சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

"காட்டாமணக்கு மாதிரி ஏமாத்திருவாங்கப்பா" என்கிறார்கள். உண்மைதான், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. 2003ல் திட்டக் கமிஷன் குழு நாடு முழுக்க ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு போடலாம் என்றது. டீசல் செடி என்று சொல்லிக் கன்று விற்றார்கள். நம்மில் சிலரும் மானாவாரியில் நட்டோம். காய் சொற்பம், வாங்க ஆள் இல்லை, கடைசியில் பிடுங்கி வேலி ஓரம் எறிந்தோம். அதில் கற்ற பாடம், வாங்குகிற ஆலையும் எழுதின விலையும் இல்லாமல் எரிபொருள் பயிர் போடக்கூடாது. அதனால்தான் முதலில் ஆலை, முதலில் பங்கு என்கிறோம்.

"தண்ணிக்கு எங்க போறது?" என்பது அடுத்த கேள்வி. பெரியாறு தண்ணீரை நம்பி எல்லாரும் கரும்பு போடுங்கள் என்று இந்தச் சங்கம் சொல்லாது. கிணறு உள்ளவர்கள், சொட்டு நீர் போட்டவர்கள் போட்டால் போதும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டு நீருக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது. நாளைக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை, 120 நாள் ஓடினால் 3 லட்சம் டன் வேண்டும். ஏக்கருக்கு 40 டன் என்றால் 7,500 ஏக்கர். மொத்தச் சுற்றுவட்டாரத்துக்கும் சேர்த்துத்தான் இது. அதில் இருந்து 30 லட்சம் லிட்டர் எத்தனாலும் 2 கோடி யூனிட்டுக்கு மேல் கரண்ட்டும் எடுக்கலாம்.

"வடிசாலைக் கழிவு வைகையில் விழுமே?" இதை எங்கள் கோச்சடைத் தாய்மார்கள் கேட்டார்கள். சரியாகவே கேட்டார்கள். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கறுப்புக் கழிவுநீர் வரும். அதை ஆற்றில் விட்டால் மீன் சாகும், கிணறு கெடும். விடவே கூடாது. அந்தக் கழிவை மூடின தொட்டியில் நொதிக்கவிட்டால் சாண எரிவாயு மாதிரியே வாயு வரும், அதைக் கொதிகலனில் எரிக்கலாம். மிஞ்சியதைச் சுண்டவைத்துச் சக்கையோடு எரித்தால் சாம்பலில் பொட்டாஷ் நிற்கும். அது நம் வயலில் இருந்து போன பொட்டாஷ், நம் வயலுக்கே திரும்ப வேண்டும். ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது என்று எழுதிக் கொடுத்து, கண்காணிப்புக் குழுவில் ஊர்க்காரர்களையும் போட்டால்தான் வடிசாலைக்கு நம் சம்மதம்.

பூட்டு யார் கையில்?

ஆலை நின்ற பிறகு நாங்கள் கரும்பை வெளி மாவட்டத் தனியார் ஆலை ஒன்றுக்கு அனுப்பினோம். வெட்டின கரும்பு லாரிக்குக் காத்து மூன்று நாள் வெயிலில் கிடந்தது. எடை போச்சு, ரெக்கவரி போச்சு. பதினான்கு நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்பது சட்டம். வட்டியை விடுங்கள், அசலையே நடையாய் நடந்துதான் வாங்கினோம். அடுத்த வருஷம் பாதிப்பேர் கரும்பையே விட்டோம்.

இப்போது அதிகாரிகள் சொல்கிறார்கள், "பதிவு கரும்பு இல்லை, எப்படி ஆலையைத் திறப்பது?" ஆலை இல்லாமல் எவன் கரும்பைப் பதிவு செய்வான்? கரும்பு இல்லை என்று ஆலையை மூடுவது, ஆலை இல்லாததால் கரும்பு நடாமல் இருக்கிறவனைப் பார்த்துக் கரும்பு இல்லை என்பது. இந்தச் சுற்றை யாராவது ஒருத்தர் அறுக்க வேண்டும். நாமே முதல் அடி வைப்போம் என்று சங்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது.

இந்தத் துண்டறிக்கையோடு ஒரு உறுதிப் படிவம் வருகிறது. அரசு ஆலையைத் திறக்கும் தேதியையும் விலையையும் எழுத்தில் கொடுத்தால், இத்தனை ஏக்கர் கரும்பு நடுவேன் என்று சர்வே நம்பரோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்தில் கொடுக்காவிட்டால் இந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது. எல்லா ஊர்ப் படிவங்களையும் கட்டாகக் கட்டி, அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் மேஜையில் வைப்போம். அப்புறம் கரும்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

நம் கோரிக்கைகள்

1. அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையைப் பழுது பார்த்துத் திறக்கும் தேதியை அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆலை நிலத்தை வேறு எதற்கும் கொடுக்கக்கூடாது.

2. கோ-ஜெனரேஷன் வேலையை முடித்து, கரண்ட் வருமானத்தை ஆலைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

3. கழிவுநீர் வெளியேறாத எத்தனால் வடிசாலையைக் கூட்டுறவிலேயே அமைக்க வேண்டும். தனியாருக்குத் தாரை வார்க்கக்கூடாது.

4. எத்தனால், கரண்ட் வருமானத்தில் விவசாயிக்குப் பங்கு என்று சட்டத்தில் எழுத வேண்டும். பழைய 5-ஏ பிரிவை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

5. டன்னுக்கு 4,000 ரூபாய் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டும். பதினான்கு நாளில் பணம், தவறினால் வட்டி.

6. வெட்டுக்கூலி தொழிலாளர்களுக்குக் குடியிருப்பும் காப்பீடும் ஆலை நிர்வாகமே செய்ய வேண்டும்.

விவசாயிகளே! இந்த ஆலை அரசு போட்ட பிச்சை இல்லை. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் பங்குப் பணம் கட்டி உறுப்பினர் ஆன ஆலை. பல வீடுகளில் அந்தப் பங்குப் பத்திரம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். கலெக்டர் ஆபீஸுக்கு வரும்போது அதையும் கையோடு கொண்டுவாருங்கள். கட்சி, சாதி பார்க்காமல் வாருங்கள். வீட்டுப் பெண்களையும் கூட்டி வாருங்கள், வயலில் பாதி வேலை அவர்களுடையதுதான்.

கோச்சடையில் கல் ஊன்றியபோது நாம் தனித்தனியாக நின்றோம். இந்தத் தடவை சேர்ந்து நிற்போம்!

ஆலையைத் திறக்கும்வரை ஓயமாட்டோம்! பங்கை வாங்கும்வரை விடமாட்டோம்!

போராட்ட வாழ்த்துகளுடன்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், கோச்சடை, மதுரை.